பிடாரி கோயில் தோட்டா

புதுக்கோட்டை
9-9-1965

தங்கை அமராவதிக்கு ஆத்மநாதன் எழுதுவது.

நேற்று மத்தியானம் என் வெடிமருந்துக் கிடங்கைப் பூட்டி அரக்கு வைத்து சீல் போட்டுவிட்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒரு அதிகாரியும் கூடவே போலீசும் வந்தார்கள். என் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஜில்லா முழுக்க இதே கதைதானாம். கிணற்று வெடி விற்கிறவன், கல் உடைக்கிறவன், ஆசிட் ஜாடி வைத்திருக்கிறவன் எல்லோர் வாசலிலும் இன்று போலீஸ் நிற்கிறது. வடக்கே பாகிஸ்தான்காரன் பாராசூட்டில் ஆள் இறக்குகிறானாம். அப்படி இறங்குகிறவன் வெடி சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை, இறங்கிய ஊரில் கிடைப்பதை எடுத்துக்கொள்வான் என்று மேலே யாருக்கோ பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பாலத்தைத் தகர்க்க என்ன வேண்டுமோ அதைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கிணறு வெட்டுகிறவர்களுக்கு விற்று வருகிறேன்.

இப்போது விஷயம். நான் விற்ற தோட்டா எல்லாம் வெடித்துத் தீர்ந்தது, எந்த ஊரிலும் மிச்சம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசி வரை கெடு. அதற்குப் பிறகு அவர்களே ஊர் ஊராகச் சோதனை போடுவார்கள். கையெழுத்துப் போட்ட பின் ஒரு தோட்டா அகப்பட்டாலும் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே தள்ளுவார்கள். ஜாமீன் கிடையாது.

மற்ற ஊர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். உன் ஊருக்குப் போட முடியாது. தண்ணீர் கண்ட கிணற்றில் மிஞ்சிய மருந்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்று உங்கள் வேட்டுக்காரர்களுக்கு ஒரு எண்ணம். மிச்சத்தை ஊற்றுப் பங்கு என்று சொல்லிப் பிடாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கரிமருந்து இருந்த காலத்தில் அதில் மோசமில்லை. பங்குனித் திருவிழாவில் அதிர்வேட்டாகப் போட்டுத் தீர்த்தார்கள். ஜெலட்டின் தோட்டா வந்த பிறகு அதை வேட்டுக் குழாயில் போடத் தெரியவில்லை. சாமி சொத்தைத் தூர எறியவும் மனசு வரவில்லை. கோயில் சாமான் வைக்கிற உக்கிராண அறையில் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். ஏழெட்டு வருஷத்துச் சரக்கு அங்கே கிடக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் நடக்கிறது.

மாப்பிள்ளை காலமான பிறகு அந்த அறைச் சாவி உன்னிடம்தான் இருக்கிறது. கடை ஆள் ரெங்கராஜை வண்டியோடு அனுப்புகிறேன். கதவைத் திறந்து விடு. ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். நமக்குள் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். இது அதைச் சேர்ந்தது இல்லை.

ஆத்மநாதன்


கல்லூரணிப்பட்டி
12-9-65

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிடங்கு இருக்கிறது, சீல் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஜாமீன் கூட இருக்கிறது. என் பிள்ளை தங்கமுத்து எங்கே இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. வடக்கே சண்டை என்று எழுதின கை அடுத்த வரியில் அதைக் கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆவணி பிறந்ததும் ஒரு கார்டு வந்தது. பஞ்சாப் பக்கம் போகிறோம் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பஞ்சாயத்து ரேடியோவில் லாகூர் என்று சொன்னால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள் ரெங்கராஜ் வந்தார். ரகசியமாக அனுப்பினீர்கள், நல்ல ரகசியம். வண்டி நிறைய மரத்தூள் மூட்டை, பெட்டிக்கு அடியில் மெத்தையாகப் பரப்பவாம். சைக்கிள் கடை முத்துராமன் பஸ் நிற்கிற இடத்திலேயே பிடித்துக்கொண்டான்.

"என்னண்ணே, இங்கிட்டு?"

"ஒங்க ஊரு அமராவதியம்மாவப் பாக்க வாரேன் தம்பி. அவுக அண்ணன் அனுப்புனாக."

"பேச்சுவார்த்தையே இல்லைன்னாக? இப்ப சீரு வருதா? மரத்தூளையா சீரா அனுப்புவாக புதுக்கோட்டையில?"

ஊரே சிரித்தது. ரெங்கராஜும் சிரித்தார், பாவம். சோறு போட்டு அனுப்பினேன். சாவி கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவனை ரயில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கே பிடாரி முன்னால் நேர்ந்துகொண்டேன். முழுசாகத் திரும்பி வந்தால் அறையில் இருக்கிற மருந்து மொத்தத்தையும் அவளுக்கு வேட்டாகப் போடுகிறேன் என்று. ஊர் முன்னால் வாய்விட்டுச் சொன்னது. அதை வண்டியில் ஏற்றி உங்களிடம் அனுப்பிவிட்டு, நாளைக்கு அவன் வந்து நின்றால் அவளிடம் என்ன சொல்வேன்? அவன் வராமல் போனால் என்னிடம் நானே என்ன சொல்வேன்?

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அவனைக் கடையில் சேர்த்துக்கொண்டிருந்தால் அவன் பட்டாளத்துக்கே போயிருக்க மாட்டான். மூன்று தடவை வந்து கேட்டேன். மூன்றாவது தடவை அண்ணியைக் கொண்டு பதில் சொல்லச் செய்தீர்கள்.

அமராவதி


புதுக்கோட்டை
14-9-1965

அமராவதி,

கோபம் உன் உரிமை. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் படி.

குழந்தைசாமிப் பூசாரியைக் கேட்டுப் பார். அந்த அறைக்குள் போய் வந்தால் மண்டை பிளக்கிற மாதிரி வலிக்கிறதா? வலிக்கிறது என்றால் அது சாமி இறங்குவது இல்லை. அது மருந்துத் தலைவலி. மூச்சில் ஏறினாலும் வரும், கையில் பட்டாலும் வரும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் நானும் ரெங்கராஜும் தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கடை நடத்தினோம்.

அடுத்ததாக வாசலில் நின்றபடியே பார். பெட்டியும் அதன் கீழே போட்ட சாக்கும் எண்ணெய் கொட்டிய மாதிரி ஊறியிருக்கிறதா? ஊறியிருந்தால் தோட்டா வேர்த்துவிட்டது என்று அர்த்தம். புதுத் தோட்டா கைதவறிக் கீழே விழுந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். வேர்த்தது வேறு ஜாதி. அதற்குத் திரி வேண்டாம், வெடிக்க வைக்கிற கேப்பு வேண்டாம். பெட்டியைத் தரையில் இழுத்தாலே போதும். நீ பிடாரிக்கு வேட்டுப் போட வேண்டாம், ஒருநாள் அதுவே போட்டுக்கொள்ளும், பள்ளிக்கூடத்தையும் சேர்த்து.

தங்கமுத்து விஷயம். வேறு யார் கேட்டிருந்தாலும் கடையில் இடமில்லை என்று சொல்லியிருப்பேன். நீ கேட்டதால் அண்ணியை அனுப்பினேன், என் வாயால் சொல்ல முடியாமல். அவனுக்குக் கையில் நிதானம் இல்லை. கேப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். நான் என் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்டவனை மருந்துக் கடையில் வைத்தால் உனக்குப் பிள்ளை இருக்காது, எனக்குக் கடை இருக்காது. இன்றைக்கு வந்து கேட்டாலும் அதே பதில்தான். இப்போது அவனை சாப்பர் கம்பெனியில் போட்டுக் கண்ணிவெடி தோண்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுக்க மறுத்த வேலையை சர்க்கார் கொடுத்திருக்கிறது. இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது.

கதவைத் திறந்து பார். தொடாதே. பார்த்ததை எழுது.

ஆத்மநாதன்


கல்லூரணிப்பட்டி
16-9-65

அண்ணன் அவர்களுக்கு,

பார்த்தேன். சாக்கு ஊறித்தான் இருக்கிறது. குழந்தைசாமிக்கு மண்டை இடி உண்டு. அவர் அதை அருள் என்று நினைத்து ஒரு வருஷமாக நாள் தவறாமல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, இன்னும் விடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அவன் சாப்பர் என்று நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் எந்த ஆபீசில் போய் விசாரித்தீர்கள் என்று கேட்கப் போவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தோட்டா வேர்க்கும் என்று நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே அறையிலிருந்து ஒரு பெட்டி போய்விட்டது.

ரெங்கராஜ் வந்து போன அன்றைக்குச் சாயங்காலம் முத்துராமன் வீட்டுக்கு வந்தான். கூடவே நாலைந்து இளவட்டங்கள். ஊர்க்காவல் படை என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டு உலக்கையும் டார்ச் லைட்டுமாக ஊரணிக் கரையில் சுற்றுகிறார்கள். பாராசூட்டில் இறங்குகிறவனை உலக்கையால் அடிப்பார்களாம்.

"அத்தை, தங்கமுத்து அங்கிட்டு நாட்டுக்காக நிக்கிறான். நாங்க இங்கிட்டுச் சும்மா நின்னா அவன் மூஞ்சியில எப்படி முழிப்போம்? பிடாரி மருந்துல ஒரு பொட்டி குடுங்க."

"எதுக்குடா?"

"அது மிலிட்டரி ரகசியம்."

"எங்கிட்டயே ரகசியமாடா? மூக்கு ஒழுகுறப்ப தொடச்சு விட்டவ நான்."

"அதான் அத்தை, ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுவோம்."

அவன் பேரைச் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது அழுத்திக் கேட்டதில் சொல்கிறான். வல்லத்திராக்கோட்டை ரோட்டுப் பாலத்துக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறார்களாம். பாகிஸ்தான் லாரி அறந்தாங்கிப் பக்கமிருந்து வந்தால் பாலத்தைத் தூக்கிவிடுவார்களாம். தினமும் அந்தப் பாலத்து மேல்தான் பஸ் போகிறது. சந்தைக்கு நானும் போய் வந்தேன்.

என்ன செய்யட்டும்? எடுத்துவிடு என்று சொன்னேன். "இருங்க அத்தை, சண்டை முடியட்டும்" என்கிறான். எடுக்கச் சொல்லவும் இப்போது பயமாக இருக்கிறது.

அமராவதி


புதுக்கோட்டை
18-9-1965
(ரெங்கராஜ் கையில்)

அமராவதி,

இதைத் தபாலில் போடவில்லை. படித்ததும் அடுப்பில் போடு.

அந்தப் பாலத்துப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. முத்துராமனிடம் நான் சொன்னதாகச் சொல்: போலீஸ் கண்டுபிடித்தால் அவனை ஊர்க்காவல் படை என்று சொல்ல மாட்டார்கள். பாகிஸ்தான் உளவாளி என்றுதான் எழுதுவார்கள். யாரைத் தடுக்கப் பாலத்தடியில் படுத்தானோ அந்த ஆளாகவே அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கயிற்றில் தொங்கும்போது தேசபக்தி என்று சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உனக்குப் பிடிக்காது. நேற்று நானே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் அதிகாரியைப் பார்த்தேன். ஒரு கோயிலில் பழைய தோட்டா கிடக்கிறது என்று சொன்னேன்.

"உங்க கணக்குல எல்லாம் செலவாயிருச்சுன்னு இருக்கே?" என்றார்.

"வித்த கணக்குதான் சார் என்னுது. வெடிச்ச கணக்கு என்கிட்ட இல்ல."

"எந்த ஊர்?"

"கேஸ் இல்லைன்னு சொன்னா ஊர் பேரு சொல்றேன்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். சண்டை ஆரம்பித்ததிலிருந்து அந்த மனிதர் வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது, முகம் அப்படி இருந்தது. கோயிலில் இருப்பதை நாங்களாக எடுத்து அவர் முன்னால் எரித்துவிட்டால் கேஸ் இல்லை என்றார். சோதனையில் அகப்பட்டால் ஊருக்கே கேஸ் என்றார். ஊர் பெயரைச் சொல்லிவிட்டேன். பாலத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதைக் கோயில் சரக்கோடு சேர்த்துக் காட்டிவிட வேண்டும்.

நானே வருகிறேன். மாடு கட்டின வண்டி ஆகாது, மிரண்டால் எல்லாம் போச்சு. தள்ளுவண்டி ஏற்பாடு செய். ஊரைக் கூட்டிச் சொல்லிவிடு. இனி ஒளித்துச் செய்ய முடியாது.

ஆத்மநாதன்


கல்லூரணிப்பட்டி
21-9-65

அண்ணன் அவர்களுக்கு,

ஊர் பேரைச் சொல்லிவிட்டு வந்து என்னை ஊரைக் கூட்டச் சொல்கிறீர்கள். வியாபாரத்தில் இப்படித்தான் செய்வீர்களா, சரக்கை விற்றுவிட்டு அப்புறம் சொந்தக்காரனைக் கேட்பது?

கூட்டினேன். கோயில் முன்னால் உட்கார மாட்டோம் என்று ஊரணிக் கரையில் உட்கார்ந்தோம், அதுவும் உங்கள் காகிதத்தைப் படித்த பயத்தில் நான் சொன்னதுதான். உங்களைப் பற்றிப் பேசியதை எழுதினால் தாள் காணாது.

"வித்தவனே திரும்ப எடுக்க வாரானா? இப்படி ஒரு யாவாரிய நான் பாத்ததில்ல."

"எடுத்துட்டுப் போயி அடுத்த ஊருக்கு விப்பாரு."

"பிடாரிக்குக் குடுத்ததக் கேக்குறதுக்கு இவரு யாரு? அவதான் குடுக்கணும்."

இந்தக் கடைசிப் பேச்சைக் குழந்தைசாமி பிடித்துக்கொண்டார். சரி, அவளையே கேட்போம் என்றார். பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் மருந்து போகலாம், சிவப்பு வந்தால் போலீசு வந்தாலும் கதவு திறக்காது. முத்துராமன் உட்பட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நேற்றுக் காலையில் பார்த்தோம். முத்துராமனின் சின்னத் தங்கச்சிதான் சன்னிதியில் வைத்த பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை வந்தது. ஊர் வாய் மூடிவிட்டது. பாலத்தடியில் இருப்பதைக் காட்டித் தருகிறேன் என்று முத்துராமனே வந்து சொன்னான், கண் கலங்கியிருந்தது.

சாவி வைத்திருப்பவள் என்பதால் பொட்டலம் இரண்டையும் கட்டியது நான். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு நான் சன்னிதிப் பக்கம் போகவில்லை.

வியாழக்கிழமை வாங்க. பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு லீவு விடச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு வர வேண்டாம். நேராகக் கோயிலுக்குப் போங்க.

அமராவதி


புதுக்கோட்டை
25-9-1965

அமராவதி,

காரியம் முடிந்தது. நீ பார்த்தது தள்ளுவண்டி ஊர் எல்லையைத் தாண்டுகிற வரைக்கும்தான். மிச்சத்தை எழுதுகிறேன்.

வெட்டுப்பாறைப் பள்ளத்தில் பரப்பி எரித்தோம். அதிகாரி ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நின்றார். அவர் ஆட்கள்தான் தீ வைத்தார்கள். பெரும்பாலும் சத்தமில்லாமல் நெருப்பாகவே போயிற்று. நடுவில் ஒரு தடவை மட்டும் இடித்தது. பாறையில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக் குழி. உங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் வெளியே ஓடி வந்ததாக, தள்ளுவண்டியைத் திருப்பிவிட வந்த ரெங்கராஜ் சொன்னான். சண்டை நின்றுவிட்டது என்று காலையில்தான் ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள், மத்தியானம் இந்தச் சத்தம். பயப்படாமல் என்ன செய்வார்கள்.

உன் வாசலைத் தாண்டித்தான் வண்டி போனது. ஜன்னலில் நின்றாய். நீ சொன்னபடி நான் நிற்கவில்லை.

எனக்கு மண்டை இடி இன்னும் நிற்கவில்லை. உன் அண்ணி இருட்டறையில் படுக்க வைத்திருக்கிறாள். வயசாகிவிட்டது, முன்போல் தாங்கவில்லை. அறையைக் கழுவ வேண்டாம், அதிகாரியின் ஆட்கள் வந்து பார்த்துச் சொல்கிற வரை பூட்டியே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தை அதுவரை ஊரணிப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்.

தங்கமுத்துவிடமிருந்து ஏதாவது வந்ததா? இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

ஆத்மநாதன்


கல்லூரணிப்பட்டி
29-9-65

அண்ணன் அவர்களுக்கு,

காகிதம் வரவில்லை. சண்டை நின்று ஆறு நாள் ஆகிறது. தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது சைக்கிளை மிதிக்கிற வேகம் கூடுகிறது.

நேற்று ரெங்கராஜ் அறையைப் பார்க்க வந்தவர்களோடு வந்தார். சாப்பிட உட்கார வைத்தேன். "கடை எப்படி இருக்கு?" என்று சும்மா கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். நீங்கள் எழுதாததை எல்லாம் சொன்னார்.

பாலத்தடியில் முள்ளுக்குள் நீங்களே தவழ்ந்து போனீர்களாம், அவரைக் கூட விடாமல். பள்ளத்தில் எல்லாவற்றையும் பரப்பும்போது அந்த அதிகாரி ஒரு தோட்டாக் கட்டு மட்டும் தனியாக வைக்கச் சொன்னாராம். அது சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, கேப்பும் திரியும் சொருகி இருந்ததாம்.

"கோயில்ல சாமிக்கு வச்சது இப்படியா இருக்கும்? யார் கட்டினது?"

"நான்தான் சார்."

"உங்களுக்கு சைக்கிள் கடையும் இருக்கா?"

கட்டினவன் பேரைச் சொல்லுங்க, இல்லையென்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்க என்றாராம். ஜீப் பானட்டில் வைத்து எழுதிக் கொடுத்தீர்களாம். கிடங்குச் சரக்கையும் தேசப் பாதுகாப்புக்கு நானாகக் கொடுக்கிறேன் என்று சேர்த்து எழுதினீர்களாம்.

இதை ஏன் எழுதவில்லை? இதைக் கேட்டு முத்துராமன் என் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனான். "நான் போயி சொல்லிர்றேன் அத்தை" என்றான். "சொன்னா அந்த மனுசன் குடுத்தது வீணாப் போகும்டா, சும்மா கெட" என்றேன். நான் சொன்னது சரிதானா?

நானும் ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தேன். என் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டதை என் கையாலேயே அழித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்தமாகப் பாடம் படிப்பது காதில் விழுந்துகொண்டிருந்தது, வேறு என்ன செய்வேன். செய்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் தபால்காரர் வேகமாகப் போகிற ஒவ்வொரு நாளும், பிடாரி கணக்கைத் திறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாது, உங்களைத் தவிர.

அதனால் இனி நமக்குள் இப்படி வைத்துக்கொள்வோம். மாசம் ஒரு தடவை நீங்கள் இங்கே வர வேண்டும். வந்தால் சாப்பாடு உண்டு. நீங்கள் அவனைக் கடையில் சேர்க்காததை நான் எடுக்க மாட்டேன். அவன் கையில் நிதானம் இல்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது. லைசென்ஸைப் பற்றி நானோ, பூவைப் பற்றி நீங்களோ ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஊற்றுப் பங்கு இந்த ஊரில் இனி மருந்தாக இல்லை, கிணற்றுக்காரர் ஒரு மரக்கால் நெல் அளந்தால் போதும் என்று ஊரில் பேசி முடித்துவிட்டேன். ஒத்துக்கொண்டால் எழுதுங்கள்.

அமராவதி


புதுக்கோட்டை
1-10-1965

தங்கை அமராவதிக்கு,

முத்துராமனிடம் சொன்னது சரி.

லைசென்ஸை எழுதிக் கொடுத்ததில் எனக்கு நஷ்டம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நஷ்டம்தான். கடப்பாரை, கம்பிக் கயிறு, உருளை, ஆயில் எஞ்சின் இவை இருக்கின்றன. பிழைப்பு ஓடும். ஆனால் சொல்கிறேன், கிடங்கைக் காலி செய்துகொண்டு போன அன்றைக்குத்தான் பல வருஷத்துக்குப் பிறகு பகலில் தூங்கினேன். யார் கையில் போகிறது, எங்கே மிஞ்சுகிறது என்று விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் மனசு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. விட்ட பிறகுதான் அலுப்பு தெரிகிறது.

பட்டாளத்துத் தபால் தாமதமாகிறது, செத்தவர்கள் வீட்டுக்குத் தந்திதான் முதலில் வருமாம். தந்தி வரவில்லை. சோல்ஜர்ஸ் போர்டு ஆபீசில் கேட்டேன். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன். பதில் எதுவானாலும் தபாலில் எழுத மாட்டேன், நேரில் வந்து சொல்வேன்.

பிடாரி கணக்குக் கேட்டால் என் பேரைச் சொல். தோட்டாவை ஊருக்குள் கொண்டு வந்தவன் நான், அதனால்தான் நீ அந்தப் பொட்டலம் கட்ட வேண்டி வந்தது. அவளுக்கு நியாயம் தெரியும் என்றால் என்னிடம் வரட்டும்.

நீ சொன்ன நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். ஒன்றை மட்டும் திருத்துகிறேன். மாதம் ஒரு தடவை காணாது. அவன் காகிதம் வருகிற வரை வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். காகிதம் வந்த பிறகு மாதம் ஒரு தடவை. சாப்பாடு உன்னுடையது. பஸ் சார்ஜ் என்னுடையது.

ஆத்மநாதன்